வில்பத்துப் பங்களாவில் தங்கப் போகிறவர்களுக்கு: சாமான், தண்ணீர், யானை

காட்டுக்கோழி:
சின்னப்பிள்ளைகளோடு, வயதான அம்மா அப்பாவோடு இலங்கையின் வில்பத்துத் தேசியப் பூங்காவுக்குள் இரவு தங்க விரும்புகிறவர்களுக்குக் கூடாரத்தை விட வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பங்களாதான் நல்லது. பங்களா என்ற பெயரைக் கேட்டு ஹோட்டல் என்று நினைத்துவிட வேண்டாம். கூரை, கட்டில், மெத்தை, கழிவறை, அடுப்பு, சமைத்துத் தரப் பங்களாக்காரர்: அங்கே இருப்பது இவ்வளவுதான். சாப்பாட்டுச் சாமான், குடிதண்ணீர், பெட்சீற், தலையணை உறை, நுளம்பு வலை, சவர்க்காரம், நெருப்புப்பெட்டி எல்லாம் நாங்கள்தான் கொண்டுபோக வேண்டும். நுளம்பு வலை கட்டக் கொழுவி எல்லா அறையிலும் இருக்காது. ஒவ்வொரு வலைக்கும் 3 மீற்றர் நைலோன் கயிறு எடுத்துக்கொள்ளுங்கள்.

அரிசிக் கணக்கில்தான் பெரும்பாலானவர்கள் பிழை விடுகிறார்கள். 8 பேர் போனால் 8 பேருக்கு மட்டும் அரிசி வாங்குகிறார்கள். பங்களாக்காரர், அவருடைய உதவியாள், கூட வரும் வழிகாட்டி மூவரும் அதே பானையில்தான் சாப்பிடுவார்கள். ஆகவே 11 பேர். முதல்நாள் மத்தியானம் போய் மூன்றாம்நாள் காலை திரும்பினால் நாலு சோற்று வேளை, இரண்டு காலைச்சாப்பாடு. அதற்கு அரிசி 6 கிலோ, பருப்பு ஒன்றேகால் கிலோ, தேங்காய் 12, வெங்காயம் 2 கிலோ, முட்டை 30, ரின்மீன் நாலு, ரொட்டிக்கு மா ஒன்றரைக் கிலோ, முதற் காலைக்குப் பாண் போதும். இறைச்சி என்றால் ஐஸ் பெட்டியில் வைத்து முதல் இரவே சமைத்துவிடுங்கள். அந்த வெக்கையில் அடுத்தநாள் மத்தியானம் ஐஸ் எல்லாம் தண்ணீராகிவிடும். பிறகு முட்டை, பருப்பு, கருவாடுதான்.

கிணற்றுத் தண்ணீர் குளிக்கவும் கழுவவும் மட்டும். குடிக்க ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர் வைத்து, 8 பேருக்கு 19 லீற்றர் போத்தல் மூன்று ஏற்றுங்கள்.

மரங்கொத்தி:
மேலே சொன்னதோடு நேரக்கணக்கையும் பாருங்கள். புத்தளம் - அநுராதபுரம் வீதியில் திம்பிரிவெவச் சந்தியில் திரும்பி ஏறத்தாழ 8 கிலோமீற்றர் போனால் ஹுனுவில்கம வாயில். காலை 6 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள். மூடும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய்ச் சேர்ந்தால் போதும் என்று நினைக்கிறவர்கள் பலர். போதாது. பதிவுக் கடதாசி, அடையாள அட்டை காட்டி, சீட்டெடுத்து, வழிகாட்டியை ஏற்றவே நேரம் போகும். உள்ளே இருக்கும் பங்களாக்களில் ஒன்றான கொக்மொட்ட, வாயிலிலிருந்து தூரத்தில், மோதரகம் ஆற்றங்கரையில், காட்டின் வட எல்லையில் இருக்கிறது. மெதுவாகத்தான் ஓடலாம், இருட்டினபின் உள்ளே ஓடவே முடியாது. மத்தியானம் 2 மணிக்கு முன் வாயிலில் நின்றால் பயமில்லை.

நாலு சக்கரமும் இழுக்கும் வாகனம் தேவை. கோடையில் மணல், மாரியில் சேறு. சில்லு காற்றுப்போனால் ஜாக் மணலுக்குள் புதைந்துவிடும், வாகனம் மேலே எழும்பாது. ஓரடிச் சதுரப் பலகை ஒன்று ஜாக்குக்கு அடியில் வைக்க வேண்டும்.

வில்லுக்கரை:
யானையைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. யானை பங்களாவைத் தேடி வருவது சாப்பாட்டு மணத்துக்குத்தான். வாழைப்பழம், அன்னாசி, அரிசி, உப்பு இவற்றை வாகனத்துக்குள் விட்டுவிட்டுப் படுக்கக்கூடாது, கதவை உடைத்துவிடும். எல்லாவற்றையும் மூடியுள்ள தகரத்தில் போட்டுப் பங்களாக்காரர் காட்டும் இடத்தில் வையுங்கள். மிஞ்சின சோற்றை முற்றத்தில் கொட்டக்கூடாது. ஒரு தரம் ருசி கண்ட யானை அடுத்து வருகிறவர்களிடமும் வரும், கடைசியில் வினை யானைக்குத்தான். முற்றத்தில் யானை நின்றால் வெளிச்சம் அடிக்காமல், படம் எடுக்கக் கிட்டப் போகாமல், உள்ளேயே இருங்கள். கழிவறை வெளியே தனியாக இருந்தால் டோர்ச் அடித்துச் சுற்றிப் பார்த்த பிறகே இறங்குங்கள்.

பகலில் குரங்கு. ஜன்னலைத் திறந்துவிட்டுச் சுற்றப் போனால் பாண் போச்சு.

முற்றத்துப் புல்லில் மான் மேய்வதால் உண்ணி அதிகம். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகுங்கள். கடித்திருந்தால் சின்னச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும். திருகினால் வாய் உள்ளே தங்கிப் புண்ணாகும். எண்ணெய், நெருப்பு வேண்டாம்.

காட்டுக்கோழி:
கனடா, லண்டனில் இருந்து உறவினர் வரும்போது கவனிக்க ஒன்று. பங்களாக் கட்டணம் வேறு, நுழைவுச்சீட்டு வேறு, வாகனத்துக்கு வேறு, மேலே வரி. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுக்காரருக்குச் சீட்டு விலை பல மடங்கு. தமிழ் கதைத்தாலும் அடையாள அட்டை இல்லாவிட்டால் அந்த விலைதான். வாயிலில் நின்று வாதாடுவதை விட முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடுங்கள்.

பனிமலை:
இதே திணைக்களத்துக்கு மலைநாட்டு ஹோட்டன் சமவெளியிலும் மகாஎலிய, கினிஹிரிய என்று தங்குமிடங்கள் உண்டு. கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றர் உயரம். அங்கே யானைப் பயம் இல்லை, குளிர்தான். தை, மாசியில் புல்லில் உறைபனி பிடிக்கும். மெல்லிய கூடாரத்தில் அந்த இரவைத் தாங்குவது கஷ்டம், சுவருக்குள் படுப்பதன் அருமை அப்போதுதான் தெரியும். ஆளுக்கு இரண்டு கம்பளி, காதுமூடும் தொப்பி, இரண்டு சோடி காலுறை கொண்டுபோங்கள். கணப்பு மூட்டினால் ஜன்னல் ஒன்றைச் சற்றுத் திறந்து வையுங்கள். எல்லாவற்றையும் அடைத்துவிட்டு நெருப்போடு தூங்குவது உயிராபத்து. பொலித்தீனுக்கு வாயிலிலேயே தடை. சாமானைத் துணிப்பையிலும் தகரத்திலும் மாற்றிக் கட்டிக்கொண்டு போனால் சோதனையில் நேரம் மிச்சம்.