காண்டசா இஞ்சின் ஒயரிங் கிட்டு முழுசா மாத்தணுமா? (வெள்ளத்துல நின்ன வண்டி)

பாளை_காண்டசா:
அண்ணாச்சிமாரே ஒரு யோசனை சொல்லுங்க. அப்பா வச்சிருந்த 1992 மாடல் காண்டசா காரு, 1.8 இசுசூ பெட்ரோல். 2023 டிசம்பர் திருநெல்வேலி வெள்ளத்துல சிந்துபூந்துறைல சித்தப்பா வீட்டு முன்னால நின்னு பானெட் பாதி வரைக்கும் முங்கிட்டு. ஆயில், சீட்டு, பிரேக் எல்லாம் அப்பவே பாத்து ஓட்டிக்கிட்டுதான் இருந்தேன், போன ஐப்பசில இருந்து ஒவ்வொண்ணா மக்கர் பண்ணுது. ஹெட்லைட் அகல் விளக்கு கணக்கா எரியுது, லைட்டு போட்டா டெம்பரேச்சர் முள்ளு ஏறுது அணைச்சா இறங்குது, செல்ஃப் சில நாளு 'டக்'னு ஒரு சத்தத்தோட சரி. நேத்து நாலஞ்சு தடவை செல்ஃப் அடிச்சிட்டு டேஷ்போர்டுல இருக்க சோக்கு குமிழத் தொட்டா சுடுது, இஞ்சின் சூடு அங்கன வரைக்கும் வருமா என்னன்னு தெரியல. ஜங்ஷன் பக்கம் ஒரு எலக்ட்ரீசியன் பாத்துட்டு கிட்டு முழுசா புதுசு கட்டணும் 18,000 ஆவும்ங்காரு. ரெடிமேட் கிட்டு தேடிப் பாத்தாச்சு, கெடைக்கல. நானே கட்டலாமா, இல்ல கையச் சுட்டுக்கிடுவேனா?

முக்கூடல்_ஸ்பேனர்:
தம்பி, கிட்டு அப்புறம். சோக்கு சுடுதுன்னு போற போக்குல சொல்லிட்டுப் போறீங்களே, அதுதாம் விசயமே. இஞ்சின் உக்காந்திருக்கது ரப்பர் மவுண்டிங்ல. செல்ஃப் இழுக்க கரண்டு நூறு ஆம்பியருக்கு மேல, அது பாடிக்குத் திரும்பி வர ஒரு எர்த் பட்டை உண்டு. அந்தப் பட்டை துருப்பிடிச்சுப் போச்சுன்னா கரண்டு வேற வழி பாக்கும்லா, சோக்கு கேபிள், ஆக்சிலேட்டர் கேபிள்னு எது இரும்போ அது வழியா வரும். இப்படியே அடிச்சா ஒருநாள் கேபிள் உறை உருகி ஆக்சிலேட்டர் பிடிச்சுக்கிடும், இதுல வெளாட்டு வேண்டாம்.

மல்டிமீட்டர டிசி வோல்ட்ல வச்சு ஒரு முனை பேட்டரி மைனஸ்ல, ஒரு முனை இஞ்சின் பிளாக்ல. ஒருத்தர செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.2, 0.3 குள்ள காட்டுனா நல்லது, ஒரு வோல்ட்டெல்லாம் காட்டுனா பட்டை போச்சு. முள்ளு ஏறி இறங்குததும் அதே சாதிதான், டேஷ்போர்டு எர்த்தப் பாருங்க, ரேடியேட்டர் பக்கம் ஹெட்லைட் எர்த்தையும் பாருங்க. போல்ட்டக் கழத்தி பெயிண்டு போற வரைக்கும் எமரி போட்டு, முறுக்கி, மேல கொஞ்சம் வாசலின். 18,000 பாக்கெட்லயே இருக்கட்டும்.

டவுன்_பியூஸ்கட்டை:
முக்கூடல் அண்ணாச்சி சொன்னது நூத்துக்கு நூறு, ஆனா அதோட நிக்காது. முங்குன ஒயரு வெளிய பாக்க புதுசு மாதிரிதான் இருக்கும், தண்ணி லக்கு (ஒயரு நுனில அமுக்கியிருக்க தகட்டு முனை) வழியா நுழைஞ்சு இழை இழையா உள்ள ஏறிக்கிடும், விளக்குத் திரி எண்ணெய இழுக்குமே அப்படி. ஏதாவது ஒரு ஒயர நுனில இருந்து நாலு விரக்கடை வெட்டி உரிச்சுப் பாருங்க. செம்பு பளபளன்னு இருந்தா லக்கு மட்டும் மாத்திக்கிடலாம். கருப்பா பச்சையா இருந்தா அது செத்த ஒயரு, அதுல ஈயம் கூட ஒட்டாது.

கட்டணும்னா நீங்களே கட்டலாம், இது சென்சார் வண்டி இல்லைல்லா, ஆல்டர்னேட்டர், செல்ஃப், பிளக்குக்கு பொறி குடுக்க காயில், ஆயில் பிரஷர் சுவிட்சு, டெம்பரேச்சர், ரிவர்ஸ் லைட்டு, கார்புரேட்டர்ல இருந்தா ஒரு சொலினாய்டு, அவ்வளவுதான். மொதல்ல பேட்டரி மைனஸக் கழத்திட்டு, பழச வெட்டாம முழுசா உருவுங்க. ஒவ்வொரு முனைலயும் பேப்பர் டேப்புல எங்க இருந்து வந்துதுன்னு எழுதி ஒட்டுங்க, போட்டோவும் எடுங்க, நான் போட்டோ மட்டும் நம்பி ஒருதடவ ரெண்டு நாளு முழிச்சிருக்கேன். பொறவு ஒரு பிளைவுட்ல பழசப் படுக்க வச்சு வளையுத எடத்துல எல்லாம் ஆணி அடிச்சு, அது மேலயே புதுச ஓட்டுங்க, ஒரு சாண் கூடவே விடுங்க. வீட்டு ஒயரு வேண்டவே வேண்டாம், இழை கம்மி, ஆட்டத்துல ஒடியும், ஆட்டோ ஒயருன்னு கேட்டு வாங்குங்க. ஈயம் வச்சுப் பத்த வைக்காதீங்க, நல்ல கிரிம்பிங் பிளையர்ல அமுக்குங்க, ஈயம் ஏறுன எடம் வெறச்சுப்போயி அது முடியுத ஓரத்துல ஒடியும்.

ஹெட்லைட்டுக்கு ரிலே போட்டுருங்க, கொஞ்ச கரண்டுல பெரிய கரண்டத் தொறந்து மூடுத சுவிட்சு அது. ரெண்டு 60 வாட் பல்பு, 12 வோல்ட்டுக்கு 10 ஆம்பியர், அது முழுசும் அந்தப் பழைய சுவிட்சுக்குள்ள போயி வந்தா அகல் விளக்குதான் எரியும்.

அம்பை_வாசு:
கலரு நம்பி கட்டாதீங்க. 30 வருசத்துல எத்தன கை பட்டிருக்கோ. என் அம்பாசிடர்ல ஹார்னுக்கு டெலிபோன் ஒயரு ஓட்டி வச்சிருந்தான் ஒரு புண்ணியவான். பயர்வால் (இஞ்சினுக்கும் உள்ளுக்கும் நடுவுல இருக்க தகடு) ஓட்டைல ரப்பர் குரோமெட் மறந்துராதீங்க, தகடு அறுத்துரும். எலி இருக்க வீடா?

பாளை_காண்டசா:
எலி இல்ல, பூனைதான் பானெட் மேல தூங்குது. ரிசல்ட் சொல்லுதேன். செல்ஃப் அடிக்கும்போது 1.6 வோல்ட்டு! பட்டையக் கழத்தும்போதே பாதி கைல பொடியா வந்துட்டு. புதுசு போட்டாச்சு, இப்ப 0.15, சோக்கு பச்சத்தண்ணி மாதிரி இருக்கு. ஆனா பியூஸ்கட்டை அண்ணாச்சி சொன்னதும் சரிதான், ஆயில் சுவிட்சு ஒயர ஒரு முழம் வரைக்கும் உரிச்சுக்கிட்டே போனேன், கடைசி வரைக்கும் கரி. ஞாயித்துக்கெழம பிளைவுட்ல ஆணி அடிக்கப் போறேன். காயிலுக்கு மட்டும் சந்தேகம், சாவில இருந்து நேரா 12 வோல்ட் குடுக்கலாமா?

டவுன்_பியூஸ்கட்டை:
காயில்ல பிளஸ் மைனஸ் ஒயரக் கழத்திட்டு ஓம்ஸ்ல அளந்து பாரும். மூணு ஓம் பக்கம்னா நேரா குடுக்கலாம். ஒண்ணரை பக்கம்னா நடுவுல கரண்டக் கொறைக்க ஒரு ரெசிஸ்டர் இருக்கணும், அத விட்டுட்டு குடுத்தா டிஸ்ட்ரிபியூட்டர்ல இருக்க பாயிண்ட் கருகிப்போவும். பழைய கிட்டுல அந்த ரெசிஸ்டர் ஒயராவே கூட இருக்கலாம், தேவையில்லாத ஒயருன்னு தூக்கிப் போட்டுறாதீரும். கட்டி முடிச்சு செல்ஃப் அடிக்கும்போது ஸ்டார்ட் ஆயி சாவிய விட்டதும் நின்னுச்சுன்னா அந்த ஒயரத்தான் விட்டிருப்பீரு, வேற எங்கயும் தேட வேண்டாம்.