படத்தில் நாரையின் கண் மட்டும் ஏன் கூர்மையாக விழ மாட்டேன் என்கிறது?

மூன்று வாரமாகச் சென்னைப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் பறவைப் படம் எடுப்பதில் ஒரே தொல்லை. கிராப் சென்சார் (சற்றுச் சிறிய சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா, இரண்டு வருடம் பழகிய 150-600 மி.மீ. ஜூம் லென்ஸ், ரேடியல் சாலை ஓரம் நின்றுதான் எடுக்கிறேன். காலை 6.30க்கு எடுப்பவை அருமையாக இருக்கின்றன. ஒன்பது மணியைத் தாண்டினால், எண்பது தொண்ணூறு மீட்டர் தள்ளி நிற்கும் சாம்பல் நாரையின் மஞ்சள் கண்ணும் பிடரியில் தொங்கும் கறுப்புக் கொண்டையும் தண்ணீரில் கரைந்த மாதிரி ஆகிவிடுகின்றன, ஒரு படத்தில் அலகு லேசாக வளைந்தே இருக்கிறது!

ஷட்டர் வேகத்தை 1/2500 நொடி வரை ஏற்றினேன், லென்ஸ் துவாரத்தை எஃப்/8 வைத்தேன், டிரைபாடில் மாட்டி, கை நடுக்கத்தைச் சரிக்கட்டும் ஸ்டெபிலைசரை அணைத்தேன், லென்ஸ் முன் மாட்டியிருந்த யூவி ஃபில்டரையும் கழற்றிவிட்டேன். மாற்றமே இல்லை. வீட்டில் செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி ஃபோகஸ் சோதித்தால் பொடி எழுத்துகூடத் தெளிவாக விழுகிறது. அதே வெயிலில் பத்து மீட்டரில் உட்கார்ந்த குளத்துக்கொக்கு இறகு இறகாக வந்தது.

லென்ஸை சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும்: இது தார்ச்சாலையிலிருந்து எழும் கானல் அலையின் வேலையா, இல்லை தூர ஃபோகஸில்தான் கோளாறா, எப்படிப் பிரித்துக் கண்டுபிடிப்பது?