லிமிட்டிங் நியூட்ரியன்ட்: 'பற்றாச்சத்து'ன்னு வைக்கலாமா?

எல்லாருக்கும் வணக்கம்.

கடற்கரை மணல்மேடு பத்தின கட்டுரைய தமிழாக்கும்போது 'லிமிட்டிங் நியூட்ரியன்ட்'ங்கற சொல்லுலதான் ரெண்டு நாளா நிக்கிறேன், அதாவது எந்தச் சத்து போதாததால செடி வளராம நிக்குதோ அந்தச் சத்து. இதுக்கு நம்ம குழுவுல ஐயா சொன்ன 'கட்டுப்படுத்தும் ஊட்டச்சத்து' எனக்கு ஒத்துவரல, மன்னிக்கணும். 'தழைச்சத்து (நைட்ரஜன்) வளர்ச்சியைக் கட்டுப்படுத்துகிறது'ன்னு ஒரு பையன் படிச்சா என்ன நெனைப்பான், யூரியா போட்டா செடி குட்டையாயிடும்னுதானே? விஷயம் நேர் எதிர், அது போதாததாலதான் செடி நிக்குது, போட்டா கிளம்பிடும்.

அக்கா சொன்ன 'குறைச்சத்து' கிட்ட வருது, ஆனா குறைவுங்கறது அளவு மட்டும்தான். மணல்ல எல்லாமே குறைவு, களியும் மக்கும் இல்லாததால மழை பெஞ்சா சத்து அப்படியே கீழ எறங்கிடும், அதுல எது செடிய நிறுத்தி வெச்சிருக்குன்னு போட்டுப் பாத்தாத்தான் தெரியும். இங்கிலாந்துல டெவன் பக்கம் பிராண்டன் பர்ரோஸ் மணல்மேட்டுல வில்லிஸ்ங்கற ஆய்வாளர் அதைத்தான் செஞ்சார், அந்த ஆய்வு 1963-ல வெளியாச்சு. முக்கியமா தழைச்சத்தும் மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) தான் அங்க போதலன்னு தெரிஞ்சுது, எல்லாச் சத்தும் சேந்த உரம் போட்ட எடத்துல புல்லு மண்டி சின்னச் செடிகள அமுக்கிடுச்சு.

இன்னொண்ணு, எந்தச் சத்து போதலங்கறது எடத்துக்கு எடம் மாறும். மேற்கு ஆஸ்திரேலியாவுல ஜூரியன் பே கரையில புது மேட்டுலேர்ந்து 20 லட்சம் வருஷப் பழைய மேடு வரைக்கும் வரிசையா இருக்கு. புதுசுல தழைச்சத்து போதல, ரொம்பப் பழசுல மணிச்சத்து போதல. தழைச்சத்து பாறையில அவ்வளவா கிடையாது, காத்துலேர்ந்து நுண்ணுயிர் பிடிச்சுக் கொஞ்சம் கொஞ்சமா சேரணும், மணிச்சத்து தாதுவுலேர்ந்து வர்றது, மழையில கரைஞ்சும் மண்ணுல பூட்டிக்கிட்டும் காலப்போக்குல தீந்துடும். நம்ம கரையில சவுக்கு வெறும் மணல்ல நல்லா வர்றதுக்கும் வேர் முடிச்சுல இருக்கற நுண்ணுயிர் காத்துலேர்ந்து தழைச்சத்து பிடிச்சுத் தர்றது ஒரு காரணம்.

அதனால நான் கேக்கறது 'பற்றாச்சத்து'. வயக்காட்டுல "பயிருக்குச் சத்து பத்தல"ன்னுதானே சொல்றாங்க, அந்தப் பத்தலதான் இது. தேவைக்குப் போதலங்கற பொருள் அதுக்குள்ளயே இருக்கு, வெறும் குறைவு இல்ல. செய்யாப் பிழை, சொல்லாச் சொல் மாதிரி இலக்கணத்துலயும் சரியா உக்காருது. பற்றுன்னா ஆசைன்னு குழம்பும்னு ஒருத்தர் தனிமடல்ல எழுதியிருந்தார், 'பற்றாக்குறை'ன்னு தெனம் பேப்பர்ல படிக்கறோமே, அப்ப யாரும் குழம்பறதில்லையே?

இதுலேர்ந்து மத்த சொல்லும் பொறக்குது, அதுதான் எனக்கு ரொம்பப் புடிச்சது. லிமிட்டேஷனுக்கு 'சத்துப்பற்றாமை', நைட்ரஜனுக்குன்னா 'தழைப்பற்றாமை', பாஸ்பரஸுக்கு 'மணிப்பற்றாமை'. வாக்கியத்துல வெச்சுப் பாருங்க: "இளம் மணல்மேட்டில் தழைச்சத்தே பற்றாச்சத்து, மேடு மூப்படைய மணிப்பற்றாமை தலைதூக்கும்." வாய்ல தடங்கல் இல்லாம வருது.

ரெண்டு சத்தும் ஒரே நேரத்துல போதாம இருக்கறது, அதாவது ஒண்ண மட்டும் போட்டா செடி அசையாது, ரெண்டையும் சேத்துப் போட்டாத்தான் வளரும், அந்தக் கோ-லிமிட்டேஷனுக்கு 'இணைப்பற்றாமை'ன்னு போட்டிருக்கேன். 'இணை' வந்தா இணைப்பு, பற்றாமைன்னு பிரிச்சுப் படிச்சிடுவாங்களோன்னு உறுத்துது. 'கூட்டுப்பற்றாமை' தேவலையா? ஐயாவும் அக்காவும் சொல்லுங்க, கட்டுரையில அந்தப் பகுதிய அதுவரைக்கும் நிறுத்தி வெச்சிருக்கேன்.