துறைமுகத்தில் கப்பல், டிரெய்லர், யார்டு வண்டி விடும் புகையை எப்படிக் கணக்கிடுவது?

தண்டையார்பேட்டை_மாணவி:

எல்லாருக்கும் வணக்கம். எம்.இ. சுற்றுச்சூழல் பொறியியல் கடைசி வருடம் படிக்கிறேன். சென்னைத் துறைமுகத்துக்காக ஓடுகிற, மிதக்கிற இன்ஜின்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருடத்தில் எவ்வளவு புகை விடுகின்றன என்று மதிப்பிடுவதுதான் ப்ராஜெக்ட். மணலி சுத்திகரிப்பு ஆலை, அனல்மின் நிலையம் மாதிரி ஒரே இடத்தில் நிற்கும் புகைபோக்கிகள் என் கணக்கில் வராது.

வீடு எண்ணூர் விரைவுச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே. சின்ன வயதிலிருந்து கன்டெய்னர் டிரெய்லர் வரிசையைப் பார்த்தே வளர்ந்ததால் அதிலிருந்துதான் ஆரம்பித்தேன். போன வாரம் காலையில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒரே ஒரு வண்டியை மட்டும் கவனித்தேன். ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பத்துக்குப் போக அதற்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. அத்தனை நேரமும் இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது, ஒரு தடவைகூட டிரைவர் அணைக்கவில்லை, ஏனென்றால் எப்போது முன்வண்டி நகரும் என்று அவருக்குத் தெரியாது.

சிக்கல் என்னவென்றால், நான் படித்த முறையில் வண்டி எண்ணிக்கை, ஓடிய கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு இத்தனை கிராம் என்று மூன்றையும் பெருக்க வேண்டும். வரிசையில் நிற்கும் வண்டிக்குக் கிலோமீட்டரே இல்லை. அதனால் கணக்கில் புகையும் கிட்டத்தட்ட பூஜ்யம் என்று வருகிறது. கண்ணெதிரே கறுப்பாகப் போவது தாளில் காணாமல் போகிறது! இன்னொன்று, கப்பல்களை என்ன செய்வது? "அது கடலில் நிற்கிறது, விட்டுவிடு" என்கிறார் என் சீனியர். விட்டுவிடலாமா?

கணக்குப்புள்ளி:

கப்பலை விட்டுவிட்டால் மீதி இருப்பது துறைமுகக் கணக்கே இல்லை தங்கச்சி. பதினைந்து வருடமாக இந்த உமிழ்வுக் கணக்கு வேலைதான் செய்கிறேன், அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

துறைமுகத்தின் நகரும் மூலங்களை வழக்கமாக ஐந்தாகப் பிரிப்பார்கள்: பெரிய கடல் கப்பல்கள், கப்பலை இழுக்கும் டக், கப்பலுக்கு வழிகாட்டுபவரை ஏற்றிச் செல்லும் பைலட் படகு போன்ற துறைமுகப் படகுகள், யார்டுக்குள் சரக்கு தூக்கும் வண்டிகள், சாலையில் வரும் லாரிகள், சரக்கு ரயில் இன்ஜின்கள். எல்லாவற்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். இன்ஜினின் சக்தி எத்தனை கிலோவாட், அதில் எத்தனை பங்கை உண்மையில் பயன்படுத்துகிறது, எத்தனை மணி நேரம் ஓடுகிறது, ஒரு கிலோவாட்-மணிக்கு எத்தனை கிராம் விடுகிறது, இந்த நான்கையும் பெருக்க வேண்டும். கிலோவாட்-மணி என்றால் நம் கரண்ட் பில்லில் வரும் யூனிட்தான்.

இப்போது கப்பலுக்குப் போட்டுப் பார். பெர்த்தில், அதாவது சரக்கு ஏற்றி இறக்கும் கரையோர இடத்தில், கட்டியிருக்கும் ஒரு கன்டெய்னர் கப்பல் விளக்கு, பம்ப், குளிர்பெட்டி எல்லாவற்றுக்கும் 1,000 கிலோவாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்கு 24,000 யூனிட். அதன் ஜெனரேட்டர் யூனிட்டுக்குச் சுமார் 10 கிராம் நைட்ரஜன் ஆக்சைடு விடும். ஆக ஒரே நாளில் 240 கிலோ. டிரெய்லர் கிலோமீட்டருக்கு 6 கிராம் விடுகிறது என்று வைத்தால், அதே 240 கிலோவை விட அது 40,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குப் போய்த் திரும்புவதை இருபத்தெட்டு தடவை செய்தால்தான் அந்தத் தூரம் வரும். கப்பலோ கட்டிய இடத்திலிருந்து அசையவே இல்லை.

கந்தகம் இன்னும் மோசம். நம் பெட்ரோல் பங்கில் கிடைக்கும் பிஎஸ்-6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். கப்பல் எண்ணெய்க்கு 2020 ஜனவரி 1 முதல் உலக அளவில் உள்ள உச்சவரம்பு 0.5 சதவீதம், அதாவது பத்து லட்சத்தில் 5,000. ஐந்நூறு மடங்கு! 2019 வரை 3.5 சதவீதம் அனுமதித்தார்கள். வட அமெரிக்கக் கரை, வட கடல், பால்டிக் போன்ற உமிழ்வுக் கட்டுப்பாட்டுப் பகுதிகளில் 2015-லிருந்தே 0.1 சதவீதம்தான். இந்தியக் கரை அந்த மாதிரிப் பகுதி இல்லை.

உன் டிரெய்லர் சிக்கலுக்கு வழி எளிது. ஓடும் நேரத்தையும் நிற்கும் நேரத்தையும் தனித்தனிக் கணக்காக்கு. ஓடுவதற்குக் கிலோமீட்டருக்கு இத்தனை கிராம், நிற்பதற்கு மணிக்கு இத்தனை கிராம். கனரக டீசல் இன்ஜின் சும்மா நின்றாலே மணிக்கு 2 முதல் 3 லிட்டர் குடிக்கும். ஆக நீ டீக்கடையில் உட்கார்ந்து பிடித்த அந்த இருபத்தைந்து நிமிடம் இருக்கிறதே, அதுதான் உனக்குத் தேவையான தரவு. ஒரு வண்டியோடு நிறுத்தாமல் வெவ்வேறு நாள், வெவ்வேறு நேரம் என்று நூறு வண்டிக்காவது எடு.

ஒரு எச்சரிக்கை. பிஎஸ்-6 வண்டி என்றால் நைட்ரஜன் ஆக்சைடு யூனிட்டுக்கு 0.46 கிராம்தான் என்று சான்றிதழ் எண்ணை எடுத்து அப்படியே போட்டுவிடாதே. ஆட்ப்ளூ என்ற யூரியாக் கரைசலைத் தெளித்துப் புகையைச் சுத்தம் செய்யும் அந்த வினையூக்கிக்குச் சுமார் 200 டிகிரி சூடு வேண்டும். வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது சைலன்சர் ஆறிவிடும், சுத்திகரிப்பு படுத்துவிடும். புது வண்டியும் அங்கே பழைய வண்டி மாதிரிதான் நடந்துகொள்ளும்.

பழைய_மெரைன்_இன்ஜினியர்:

மேலே தம்பி சொன்னது சரி. இருபத்திரண்டு வருடம் இன்ஜின் ரூமில் இருந்தவன் என்ற முறையில் சிலதைச் சேர்க்கிறேன், ஏனென்றால் கரையில் உட்கார்ந்து கணக்குப் போடுகிறவர்கள் தவறவிடும் இடங்கள் இவை.

முதலாவது பாய்லர். கடலில் ஓடும்போது மெயின் இன்ஜின் புகையின் சூட்டிலேயே நீராவி எடுத்துக்கொள்வோம், தனியாக எண்ணெய் எரிக்க வேண்டியதில்லை. பெர்த்தில் கட்டி மெயின் இன்ஜினை நிறுத்தியதும் அந்தச் சூடு போய்விடும், உடனே எண்ணெய் பாய்லரைப் பற்றவைப்போம். ஆகவே பாய்லர் கணக்கு துறைமுகத்தில்தான் ஏறும். டேங்கர் கப்பல் என்றால் சரக்கு பம்ப்பை ஓட்டவே நீராவி தேவைப்படலாம், அப்போது பாய்லர் ஜெனரேட்டரைவிட அதிகமாகக் குடிக்கும். கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால்கூட ஜெனரேட்டர்தான் நிற்கும், பாய்லர் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

இரண்டாவது வேகம். மெயின் இன்ஜின் சுமை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் போகும். வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் சக்தி எட்டில் ஒன்றாகிவிடும், நேரம் இரட்டிப்பாகும், மொத்தத்தில் கால் பங்கு ஆற்றல் போதும். லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள் வரும் கப்பல்களைத் தொலைவிலேயே வேகத்தை 12 நாட் (மணிக்கு 12 கடல் மைல்) அளவுக்குக் குறைக்கச் சொல்வது இதனால்தான். ஆனால் இதிலேயே ஒரு பொறி இருக்கிறது. சுமை 20 சதவீதத்துக்குக் கீழே போனால் எரிப்பு கெட்டுவிடும், யூனிட்டுக்கு விடும் துகளும் கார்பன் மோனாக்சைடும் ஏறும். பைலட் ஏறியபின் "டெட் ஸ்லோ", "ஸ்டாப்", மறுபடி "டெட் ஸ்லோ" என்று இன்ஜின் ரூமுக்கு உத்தரவு சொல்லும் டெலிகிராப் அடித்துக்கொண்டே இருக்கும், இன்ஜினைக் கிளப்பும் அழுத்தக் காற்றான ஸ்டார்ட் ஏர் ஒவ்வொரு தடவை போகும்போதும் புகைபோக்கியிலிருந்து ஒரு கறுப்புக் கொத்து எழும். அந்த நேரத்துக்குக் குறைசுமைத் திருத்தக் காரணி, அதாவது யூனிட்டுக்கான கிராமை ஏற்றிக்காட்டும் பெருக்கெண், போட மறக்காதே அம்மா. அதே சமயம் கப்பலின் முன்பக்கத்தைப் பக்கவாட்டில் தள்ளும் பௌ த்ரஸ்டருக்காக கூடுதலாக ஒரு ஜெனரேட்டரும் ஓடும்.

மூன்றாவது, ஏஐஎஸ் தரவு. அது கப்பலிலிருந்து தானாக ஒலிபரப்பாகும் தகவல். கப்பல் எங்கே, என்ன வேகத்தில் என்று ஓடும்போது சில விநாடிக்கு ஒருமுறை அது சொல்லும், உனக்குப் பெரிய உதவி. ஆனால் "நங்கூரத்தில்", "கட்டப்பட்டது", "ஓட்டத்தில்" என்ற நிலையைக் கையால் மாற்றுவது டியூட்டி ஆபீசர். பெர்த்தில் கட்டி ஆறு மணி நேரம் கழித்தும் "ஓட்டத்தில்" என்றே காட்டும் கப்பல்களை நானே பார்த்திருக்கிறேன். அந்தச் சொல்லை நம்பாதே. வேகம் ஒரு நாட் அளவுக்குக் கீழே, இடம் பெர்த் எல்லைக்குள் என்றால் கட்டியிருக்கிறது என்று எடுத்துக்கொள். இன்ஜின் சக்தி ஏஐஎஸ்-இல் வராது, ஒவ்வொரு கப்பலுக்கும் உள்ள நிலையான ஐஎம்ஓ அடையாள எண்ணை வைத்துக் கப்பல் பதிவேட்டில் தேட வேண்டும்.

கடைசியாக ஒன்று. 2016-க்குப் பிறகு கட்டிய சில கப்பல்கள் டியர்-3 என்ற நைட்ரஜன் ஆக்சைடு தரம், மெதுவாகச் சுழலும் இன்ஜினுக்கு யூனிட்டுக்கு 3.4 கிராம்தான் வரம்பு. ஆனால் அது கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் மட்டுமே கட்டாயம். நம் கரையில் அந்தச் சுத்திகரிப்பை அணைத்துவிட்டு முந்தைய தரமான டியர்-2 அளவில், அதாவது 14.4 வரை விட்டாலும் சட்டப்படி தவறில்லை. அதனால் கப்பல் புதுசு என்று பார்த்து 3.4 போட்டால் உன் கணக்கு நான்கு மடங்கு குறைந்துவிடும்.

ரீச்_ஸ்டாக்கர்:

நான் ஒரு கன்டெய்னர் யார்டில் பராமரிப்புப் பிரிவில் இருந்தவன். யார்டு வண்டி பற்றி மட்டும் சொல்கிறேன்.

கப்பலிலிருந்து பெட்டி எடுக்கும் பெரிய கிரேன் பெரும்பாலும் கரண்ட்டில் ஓடுவது, அதை விட்டுவிடலாம். உள்ளே பெட்டியை இழுக்கும் ஐடிவி (யார்டு டிராக்டர்), நீண்ட கையால் பெட்டியைத் தூக்கி அடுக்கும் ரீச் ஸ்டாக்கர், டயரில் ஓடும் டீசல் கிரேனான ஆர்டிஜி, இவைதான் புகை. முழுச் சக்தியை வைத்துக் கணக்குப் போட்டால் எங்கேயோ போய்விடும். ஆர்டிஜி பாதி நேரம் அடுத்த வண்டிக்குக் காத்துக்கொண்டிருக்கும். லாஸ் ஏஞ்சல்ஸ் துறைமுகம் 2005-லிருந்து வருடாவருடம் வெளியிடும் கணக்கில் ஆர்டிஜி சுமையை, அதாவது முழுச் சக்தியில் பயன்படும் பங்கை, 0.20 என்றும் யார்டு டிராக்டரை 0.39 என்றும் எடுத்திருக்கிறார்கள். அங்கே உள்ள வேலைமுறை வேறு, நம்மூர் வேறு, ஆனாலும் ஆரம்பிக்க அது போதும்.

மணிக்கணக்கு எங்கே எடுப்பது என்பதுதான் கஷ்டம். நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ரீச் ஸ்டாக்கரின் ஹவர் மீட்டர் மாதக்கணக்காகப் பழுது. பதிவேட்டில் தினமும் "10 மணி" என்று ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் இறங்கிக்கொண்டே போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கும் 10, வண்டி ஷெட்டில் டயர் இல்லாமல் நின்ற நாளுக்கும் 10. அதை வாங்கிக் கணக்குப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அதனால் டீசல் வழங்கும் பதிவேட்டைக் கேள். அது காசு விஷயம், யாரும் அசட்டையாக எழுத மாட்டார்கள். ஒரு லிட்டர் டீசலுக்குச் சுமார் 4 யூனிட் வேலை கிடைக்கும் என்று வைத்து, மணியிலிருந்து வந்த கணக்கோடு ஒப்பிட்டுப் பார். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தால் நம்பலாம். ஒன்றுக்கு மூன்று வித்தியாசம் என்றால் மீட்டரைப் போய் நேரில் பார்க்க வேண்டும்.

தண்டையார்பேட்டை_மாணவி:

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. சீனியரிடம் 240 கிலோ கணக்கைக் காட்டினேன், அவரே கப்பலைச் சேர்க்கச் சொல்லிவிட்டார். இன்னும் இரண்டு சந்தேகம். எல்லை எங்கே போடுவது? நங்கூரத்தில் காத்திருக்கும் கப்பல் யார் கணக்கு? அப்புறம் காசிமேட்டு விசைப்படகுகள் துறைமுகத்தை ஒட்டியே இருக்கின்றன, அவற்றைச் சேர்ப்பதா?

கணக்குப்புள்ளி:

நங்கூரத்தைக் கட்டாயம் சேர். 2021-ல் லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் வெளியே நூறுக்கும் மேற்பட்ட கப்பல்கள் இடமில்லாமல் காத்துக்கிடந்தபோது, பல வருடமாகக் குறைந்துவந்த அவர்களுடைய உமிழ்வுக் கணக்கு திரும்ப ஏறியது. பெர்த்தை மட்டும் எண்ணியிருந்தால் அது தெரிந்திருக்காது. நம் பக்கம் சென்னை, காமராஜர், காட்டுப்பள்ளி மூன்றும் ஒரே கரையில் அடுத்தடுத்து இருப்பதால், நங்கூரத்தில் நிற்கும் கப்பல் எந்தத் துறைமுகத்துக்குக் காத்திருக்கிறது என்று அடுத்து அது கட்டிய பெர்த்தை வைத்துப் பிரித்துக்கொள்.

விசைப்படகு துறைமுகச் சரக்கு வேலையில் சேராது, ஆனால் காற்று ஒன்றுதான். தனிப் பத்தியில் போடு, மொத்தத்தில் கலக்காதே. நிலக்கரித் தூசியையும் சிலர் இதில் சேர்க்கச் சொல்வார்கள். சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரி கையாளுவது உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2011-ல் நின்றுபோனது. எப்படியிருந்தாலும் குவியலிலிருந்து பறக்கும் தூசி நகரும் மூலம் ஆகாது. ரயிலுக்கு, பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்தும் ஷன்ட்டிங் இன்ஜின் குடித்த டீசல் லிட்டர் போதும், அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள். டன் கணக்கில் கப்பல் ஜெயிக்கும், அதைப் பார்த்து டிரெய்லர் பரவாயில்லை என்று எழுதிவிடாதே. கப்பலின் புகைபோக்கி பல மாடி உயரத்தில் இருக்கிறது. இரவில் நிலக்காற்று அதைக் கடலுக்குத் தள்ளும், மதியம் கடல்காற்று திரும்பியதும் ஊருக்குள் கொண்டுவரும். டிரெய்லரின் சைலன்சரோ பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பிள்ளையின் முகத்துக்கு நேராக இருக்கிறது, அதன் புகைக்கு எந்தக் காற்றும் தேவையில்லை. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-லேயே உறுதியாக வகைப்படுத்திவிட்டது. ஆகவே எவ்வளவு என்ற அட்டவணைக்குப் பக்கத்தில், எங்கே, எந்த நேரத்தில் என்ற அட்டவணையும் உன் அறிக்கையில் இருக்க வேண்டும்.

தண்டையார்பேட்டை_மாணவி:

புரிந்தது. அடுத்த வாரம் திங்கள், புதன், சனி மூன்று நாள் காலை 6 முதல் 10 வரை டிரெய்லர் வரிசையை எடுக்கலாம் என்று இருக்கிறேன். என் தங்கையும் ஒரு தோழியும் வருகிறார்கள்.

ரீச்_ஸ்டாக்கர்:

எந்த நாள் என்பதைக் கிழமையை வைத்து முடிவு செய்யாதீர்கள். எந்தக் கப்பலுக்கு எப்போது கேட் கட்-ஆஃப், அதாவது பெட்டி உள்ளே வரக் கடைசி நேரம், என்று பாருங்கள், அதற்கு முந்தைய ராத்திரிதான் ஏற்றுமதிப் பெட்டி எல்லாம் ஒரே நேரத்தில் வந்து குவியும். காலையில் நீங்கள் பார்த்த வரிசை ராத்திரி 11 மணிக்கே ஆரம்பித்த வரிசையாக இருக்கலாம். தெருவில் நிற்க வேண்டாம், மொட்டைமாடியிலிருந்து எண்ண இடம் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.