[கலைச்சொல்] உலோகங்காணியில் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

க., அல்சூர்:
அனைவருக்கும் வணக்கம். பெங்களூர் எஸ்.பி. ரோடு கடைக்காரர் ஒருவருக்காக உலோகங்காணி (மெட்டல் டிடெக்டர்) கையேடு தமிழாகிறது. வாங்குகிறவர்கள் ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்து விவசாயிகள். சொந்தக் கொல்லையில் பழங்காசு தேடவும், உழவில் கழன்று மண்ணுக்குள் போன ரோட்டவேட்டர் பிளேடைத் தேடவும் இந்தக் கருவி. சுருள் (தரைமேல் பிடிக்கும் காயில்), துழாவல் (அதை வீசித் தேடுவது), குறியொலி (உலோகம் பட்டால் எழும் ஒலி) ஆகிய சொற்களெல்லாம் முடிந்தன. மண்ணுக்காகக் கருவி ஒலிக்காதபடி அதைச் சரிசெய்யும் ‘கிரவுண்ட் பேலன்ஸ்’ மட்டும் நிற்கிறது. செய்முறை: உலோகமில்லாத இடமாகப் பார்த்து, சுருளைத் தரைக்கு இணையாக ஒரு சாண் உயரத்திலிருந்து இரண்டு விரற்கடை வரை மெல்ல இறக்கி ஏற்ற வேண்டும். ஒலி மாறினால் மதிப்பைத் திருத்த வேண்டும். ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே ஒலி நின்றால் சரி. இப்போதைக்கு ‘நிலச்சமன்’ என்று போட்டிருக்கிறேன்.

மு., ஜாலஹள்ளி:
தம்பி, ‘நிலச்சமன்’ என்றால் லேசர் லெவலர் வைத்து வயலை மட்டம் பிடிப்பது. படித்தவுடன் டிராக்டருக்குச் சொல்லி அனுப்பிவிடுவார்கள். செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு நிறைய. மண்ணே சுருளுக்குள் சமிக்ஞையைக் கிளப்புகிறது. அதை ஈடுகட்டுவதுதானே இங்கே வேலை? ‘மண் ஈடு’ என்று வைக்கலாம்.

செ., கே.ஆர்.புரம்:
ஐயா, ‘மண் ஈடு’ என்று தலைப்பிட்டால் நிலத்தை எந்த பேங்கில் ஈடு வைப்பது என்று கேட்பார்கள்.

இரா., மல்லேசுவரம்:
அதோடு புணர்ந்தால் ‘மண்ணீடு’. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் ‘மண்ணீட்டாளர்’ வருகிறார்கள். அவர்கள் சுதையால் உருவம் செய்பவர்கள். ஏற்கெனவே குடியிருக்கும் சொல்லைக் காலி செய்யச் சொல்லக்கூடாது. ‘சமன்’ குறள் 118-லேயே இருக்கிறது, ஆனால் அதனினும் பழையது புறநானூறு 6: ‘தெரிகோல் ஞமன்ன் போல’. நிறைகோலின் நடுநிலையைக் காட்டும் நாவே அங்கே ஞமன். கருவியும் மண்ணைப் பொறுத்தவரை நடுநிலையில் நிற்கிறது. எனவே ‘மண்ஞமன்’. ஞண்டு நண்டானது போலவே ஞமன் நமனாகி, பின்பு யமனானது என்பது என் ஊகம், யமன் வடசொல் என்றே மொழியியலார் சொல்கிறார்கள். ஒருபால் சாயாதவன் என்ற பொருளில் பிறந்த தமிழ்ப் பெயர் என்பேன் நான்.  இதை விரிவாக நாளை எழுதுகிறேன்.

செ., கே.ஆர்.புரம்:
எழுதுங்கள் ஐயா, படிக்கிறோம். ஆனால் கொல்லையில் எமனை இறக்கும் கையேட்டைக் கடைக்காரர் அச்சிடமாட்டார்.

எண்ணெய் வாங்கும்போது முதலில் வெறும் தூக்கை நிறுத்து அந்த எடையைக் கழிக்கிறோம். இதுவும் அப்படித்தான்: மண்ணின் பங்கைக் கழித்தால் மிச்சம் உலோகம். ‘மண்கழிப்பு’. ‘கழிவு’ என்று எழுதினால் குப்பையாகிவிடும், பிழைதிருத்துபவர் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மு., ஜாலஹள்ளி:
கழிப்பது அளவை அல்ல அம்மா. குறை அதிர்வெண் கருவியில், அனுப்பும் அலைக்கும் திரும்பும் அலைக்கும் இடையே ஒரு கட்ட வேறுபாடு (‘ஃபேஸ்’, ஓர் அலை மற்றதற்குப் பின்தங்கும் அளவு) உண்டு. இரும்புத் தாது கலந்த மண்ணுக்கு அது ஏறக்குறைய மாறாது. உப்பு மண்ணுக்கு வேறு கட்டம். நாம் திருப்பும் குமிழ் அந்தக் கட்டத்தை மட்டும் ஊமையாக்குகிறது. தொடர் அலைக்குப் பதில் விட்டுவிட்டுத் துடிப்புகளை அனுப்பும் துடிப்புவகைக் கருவியிலோ கதையே வேறு, அங்கே துடிப்பு அடங்கியபின் எவ்வளவு தாமதித்துக் கேட்பது என்பதுதான் கேள்வி. கறாராகச் சொன்னால் ‘மண்கட்டப் பொருத்தம்’.

செ., கே.ஆர்.புரம்:
கட்டடப் பொருத்தம் என்று படிப்பார்கள். பெயர் எதுவானாலும் அதனடியில் இந்த எச்சரிக்கைகள் வர வேண்டும். புதைந்த ஆணியின் மேல் நின்று இதைச் செய்தால், கருவி ஆணியையே மண்ணாக எடுத்துக்கொண்டு மற்ற இடமெல்லாம் கூச்சலிடும். செம்மண்ணிலிருந்து கரிசலுக்குள் போனால் மறுபடி செய்ய வேண்டும். நல்ல மழைக்குப் பிறகும், பழைய சூளைச் சாம்பல் கிடக்கும் இடத்திலும் அப்படியே. கூச்சலை அடக்க உணர்திறனைக் குறைப்பதுதான் பலரும் செய்வது. கூச்சல் அடங்கும், கூடவே ஆழத்தில் கிடக்கும் சின்னச் செப்புக்காசும் அடங்கிவிடும். வீச்சின் இரு முனையிலும் சுருள் மேலே எழும்பினாலும் பொய்யொலி வரும், அதற்கு இந்த மதிப்பைத் திருத்த வேண்டியதில்லை.

வெ., யஷ்வந்த்பூர்:
குறுக்கே வருகிறேன். 1891-இல் எங்கள் யஷ்வந்த்பூரில் ரோமானிய வெள்ளிக்காசுகள் கிடைத்தன, உலோகங்காணி ஏதுமில்லாமல். அதனால் கேட்கிறேன், கையேட்டில் சட்டம் பற்றி ஒரு வரியாவது உண்டா? மண்ணில் மறைந்திருந்த பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினாலே, 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: என்ன பொருள், எவ்வளவு, எந்த இடம், எந்தத் தேதி. பட்டா நம் பெயரில் இருந்தாலும் இது பொருந்தும். பத்து ரூபாய் என்பது அன்றைய கணக்கு, ஆனால் சட்டத்தில் இருப்பது அதுதான்.

க., அல்சூர்:
நன்றி அண்ணா, முதல் பக்கத்திலேயே பெட்டி கட்டிப் போடுகிறேன். பெரும்பாலோர் ‘மண்கழிப்பு’ பக்கம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறேன்; இனியும் காத்திருக்க நேரமில்லை. கருவியின் மேல் கிரவுண்ட் பேலன்ஸைச் சுருக்கி ஜிபி என்றுதான் பொறித்திருக்கிறது, ஆகவே ‘மண்கழிப்பு – ஜிபி பொத்தான்’ என்று வரும்.

மு., ஜாலஹள்ளி:
அச்சிடுங்கள். தவறான சொல் என்ற என் கருத்து பதிவாகட்டும்.

இரா., மல்லேசுவரம்:
பொத்தான் போர்த்துகீசியம். ‘குமிழ்’ இருக்க அது எதற்கு?

செ., கே.ஆர்.புரம்:
குமிழைத் திருகுவோம், பொத்தானை அழுத்துவோம் ஐயா. இந்தக் கருவியில் அழுத்த வேண்டும்.

க., அல்சூர்:
அடுத்தது இரும்பை விலக்கிக் காசை மட்டும் ஒலிக்கவைக்கும் ‘டிஸ்கிரிமினேஷன்’. தயவுசெய்து யாரும் ‘பாகுபாடு’ என்று எழுதவேண்டாம். முந்தைய மொழிபெயர்ப்பாளர் ‘இரும்பின் மீது பாகுபாடு காட்டவும்’ என்று எழுதி வைத்திருக்கிறார். ‘இரும்புவிலக்கு’ போதுமா? அதை முழுக்க ஏற்றினால் அலுமினியத் தாள் மட்டுமல்ல, மெல்லிய சிறு காசும் சேர்ந்து மறையும். அதனால் ‘இரும்பு’ என்று குறுக்கத் தயக்கமாக இருக்கிறது.

இரா., மல்லேசுவரம்:
‘அன்னப்பிரிப்பு’. விளக்கம் நாளை, ஞமனோடு சேர்த்து.