அப்பாவின் போன் கடலில் விழுந்துவிட்டது

குழு: பாம்பன் சொந்தங்கள்

சனிக்கிழமை

நான், காலை 6:52
எல்லாரும் கொஞ்சம் பாருங்கள். தென்கடல் பக்கம் வல்லத்திலிருந்து இறங்கும்போது அப்பாவின் சட்டைப் பையிலிருந்த போன் கடலில் விழுந்துவிட்டது. காலால் தடவி எடுத்துவிட்டார். திரை விட்டுவிட்டு மின்னுகிறது, தானாகவே அதிர்கிறது.

பெரியம்மா, 6:54
அய்யோ. உடனே அரிசிப் பானைக்குள் போடுங்கள். என் போன் அப்படித்தான் பிழைத்தது.

துபாய் மாமா, 6:55
சார்ஜர் போட்டுப் பாருங்கள். ஏறினால் தப்பித்தது.

கடை அண்ணன், 6:55
யாரும் சார்ஜர் போடாதீர்கள்!!
முதலில் போனை அணை. அணைந்த பிறகு ஆசைக்குக்கூட ஆன் செய்து பார்க்கக் கூடாது.

நான், 6:58
அணைத்துவிட்டேன். ஆனால் அம்மா அதற்குள் அரிசியில் போட்டுவிட்டார்.

கடை அண்ணன், 6:58
எடு, எடு. போனுக்குள் போன தண்ணீரை அரிசி வெளியே இழுக்காது. தூசிதான் சார்ஜ் ஓட்டைக்குள் போகும். ஆப்பிள் கம்பெனியே அரிசிப் பையில் வைக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறது.

பெரியம்மா, 7:00
அப்புறம் என் போன் மட்டும் எப்படிச் சரியானதாம்?

கடை அண்ணன், 7:03
அம்மா, உன் போன் விழுந்தது குடத்தில். இது கடல். நல்ல தண்ணீர் காய்ந்தால் போய்விடும். கடல் தண்ணீர் காய்ந்தால் உப்பு அங்கேயே உட்கார்ந்துவிடும். லிட்டருக்குக் கிட்டத்தட்ட 35 கிராம் உப்பு. அதில் மின்சாரம் நன்றாகப் பாயும். பேட்டரி ஓடிக்கொண்டிருந்தால் உள்ளே இருக்கும் செம்பை அரித்துப் பச்சைக் களிம்பு ஏற்றிவிடும். இரண்டு நாள் அரிசியில் வைத்தால் கருவாடாகக் காயும், அவ்வளவுதான்.

துபாய் மாமா, 7:05
என் போன் ஐபி68, தண்ணீர் புகாது என்று சோதித்துக் கொடுத்த முத்திரை. நான் கடலில் குளித்துக்கொண்டே படம் எடுப்பேன்.

கடை அண்ணன், 7:06
மாமா, அந்தச் சோதனை புதுப் போனை நல்ல தண்ணீரில் வைத்துச் செய்வது. பழசாகப் பழசாக உள்ளே இருக்கும் பசை விட்டுப்போகும். சித்தப்பா போன் ஏற்கெனவே ஒருமுறை பின்மூடி கழற்றி ஒட்டியது. ஒட்டியதே நான்தான்.

நான், 7:07
"என்னதான் செய்யணும், அதைச் சொல்லச் சொல்" என்கிறார் அப்பா.

கடை அண்ணன், 7:07
வல்லத்து இன்ஜின் கடலில் மூழ்கினால் என்ன செய்வார், கேள்.

நான், 7:08
நல்ல தண்ணீர் விட்டு அலசி, அன்றைக்கே பிரிக்கக் கொடுப்பாராம்.

கடை அண்ணன், 7:12
அதேதான். சிம், மெமரி கார்டு, உறை மூன்றையும் எடுத்துவிடு. உங்கள் வீட்டு போர் தண்ணீர் வேண்டாம், அதுவே உப்பு. இன்வெர்ட்டருக்கு ஊற்றும் பேட்டரித் தண்ணீர் வாங்கு. ஆசிட் இல்லை, தண்ணீர். பாட்டிலைப் படித்துப் பார்த்து வாங்கு. கிடைக்காவிட்டால் கேன் தண்ணீர். மெதுவாக ஊற்றி அலசு. சார்ஜ் ஓட்டை கீழே பார்க்கப் பிடித்து உள்ளங்கையில் தட்டு. வாயால் ஊதாதே, குச்சி விட்டுக் குடையாதே.

துபாய் மாமா, 7:13
தலைமுடி காயவைக்கும் மிஷின்?

கடை அண்ணன், 7:14
வேண்டவே வேண்டாம். சூடு பேட்டரிக்கு ஆகாது, காற்று ஈரத்தை இன்னும் உள்ளே தள்ளும். வெயிலும் வேண்டாம். பாப்பா, பேட்டரி வீங்கினாலோ சுட்டாலோ வீட்டுக்குள் வைக்காதே. வெளியே மணலில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிடு.

நான், 7:31
அலசிவிட்டேன். அண்ணா, அப்பாவுக்குப் போன் போனதுகூடப் பெரிதில்லை. கடலுக்கடியில் எங்கெங்கே பார் (பாறை) இருக்கிறது, எங்கே வலை கிழியும் என்று மேப்பில் குறித்து வைத்திருக்கிறார். வியாபாரி கணக்கை வேறு நோட்டில் எழுதாமல் துண்டுச் சீட்டைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

கடை அண்ணன், 7:33
மேப்பில் குறித்தது கூகுள் கணக்கில் ஏறியிருந்தால் வேறு போனிலும் வந்துவிடும். படம் போனுக்குள் மட்டும்தான் என்றால் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டு பிழைக்க வேண்டும். எட்டு மணி பஸ்ஸில் கொடுத்துவிடாதே, நீயே கொண்டு வா. சிம்மைச் சித்தி போனில் போட்டு வை, பேங்க் ஓடிபி அதற்குத்தான் வரும்.

பெரியம்மா, 7:34
வரும்போது சாப்பிட்டுவிட்டு வா பாப்பா.

கடை அண்ணன், பிற்பகல் 2:40
[படம்]
பிரித்துவிட்டேன். அந்தச் சிவப்புப் புள்ளி தெரிகிறதா? வெள்ளையாக இருக்க வேண்டியது, தண்ணீர் பட்டதும் சிவந்துவிடும். வாரண்டி என்று யாரும் பேச வேண்டாம். பேட்டரியைக் கழற்றிவிட்டு ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்டு பிரஷ்ஷால் தேய்த்தேன். சார்ஜ் ஏறும் இடத்தில் களிம்பு பிடிக்கத் தொடங்கிவிட்டது, அந்தத் துண்டை மாற்ற வேண்டும். ராத்திரி முழுக்கக் காயட்டும்.

ஞாயிற்றுக்கிழமை

கடை அண்ணன், காலை 11:20
ஓடுகிறது! திரையில் ஒரு ஓரம் கறை இருக்கும், அது போகாது. படங்கள் எல்லாவற்றையும் முதலில் எடுத்து வைத்துவிட்டேன். ஆனாலும் இதை நம்பிக் கடலுக்குப் போகாதீர்கள். உப்புப் பட்ட போன் இன்றைக்கு ஓடும், ஒரு மாதம் கழித்துச் சொல்லாமல் நிற்கும்.

நான், 11:24
அப்பா கூலி எவ்வளவு என்று கேட்கிறார்.

கடை அண்ணன், 11:25
துண்டுக்கு மட்டும் 350. மற்றதுக்கு நண்டு கிடைத்தால் கொடுத்துவிடச் சொல்.

நான், 11:41
[படம்] [படம்] [படம்]
வியாபாரி சீட்டு, மூன்று மாதக் கணக்கு. அப்பா அனுப்பச் சொன்னார். எல்லாருடைய போனிலும் ஒன்று கிடக்கட்டுமாம்.

பெரியம்மா, 11:43
மூன்றாவது படத்தில் பாக்கி 14,600 என்று போட்டிருக்கிறதே?

அம்மா, 11:44
எந்தப் பாக்கி? என்னிடம் எல்லாம் வாங்கியாகிவிட்டது என்றுதானே சொன்னார்?

நான், 11:45
அப்பா வலையைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கரைக்குப் போய்விட்டார்.