மேற்கூரை சரிந்த ஊர் வீடு: காப்பீட்டுப் படிவத்தில் நாளைக்குள் கையெழுத்திடலாமா?

வளவுவீடு – செவ்வாய், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். செட்டிநாட்டில் இருக்கும் எங்கள் ஊர் வீட்டின் மேற்கூரை சென்ற மாத மழையில் சரிந்துவிட்டது. வீட்டுக்குக் காப்பீடு இருக்கிறது. பிரீமியத்தையும் தவறாமல் கட்டியிருக்கிறேன். கம்பெனிக்காகச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் கேட்டதில் மிகச் சிறிய தொகையைத் தருவதாகச் சொல்லி, ‘இதையே முழு இறுதித் தீர்வாக ஏற்றுக்கொள்கிறேன்’ என்ற படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். பழைய வீடு என்பதால் அவ்வளவுதான் வரும் என்கிறார்கள். நாளை மாலைக்குள் அனுப்ப வேண்டும். கையெழுத்திடலாமா, கூடாதா? தெரிந்தவர்கள் விரைந்து சொல்லுங்கள்.

ராயவரம் ஆச்சி – இரவு 9.58

தம்பி, முதலில் இதைச் சொல்லுங்கள்: விழுந்த ஓடும் மரமும் இன்னும் அங்கேயே கிடக்கின்றனவா, அள்ளிவிட்டீர்களா? 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது எங்கள் வீட்டின் பின்கட்டு சரிந்தது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று நான் இரண்டு நாளில் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டேன். பிறகு வந்த சர்வேயருக்குக் காட்ட வெறும் சுவர்தான் மிஞ்சியது. ‘இங்கே என்ன இருந்தது, எது உடைந்தது’ என்று அவர் கேட்டபோது என்னிடம் ஒரு நிழற்படம்கூட இல்லை. அந்த வருத்தம் இன்றும் தீரவில்லை, அதனால்தான் கேட்கிறேன்.

கூடுவாய் – இரவு 10.11

சரிந்தது எந்தப் பகுதி என்று சொல்லவில்லையே. முகப்பா, வளவா (முற்றத்தைச் சுற்றிய பகுதி), இரண்டாம் கட்டா? ஓட்டுக் கூரையா, மரச்சட்டத்தின்மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பரப்பிய மெட்ராஸ் டெரஸா? இருபது ஆண்டுகளாக இந்தப் பக்கத்து வீடுகளைத்தான் செப்பனிட்டு வருகிறேன். நான் பார்த்தவரை, பத்தில் ஆறு கூரைகள் சரிவதற்குக் காரணம் இரண்டு கூரைச் சரிவுகள் சேரும் இடத்துக் கூடுவாய்த் தகரம் அடைபட்டு, தண்ணீர் தேங்கி, ஓடுகளைத் தாங்கும் கைமரத்தின் அடி ஊறிப்போவதுதான். அப்படித்தான் என்றால் கம்பெனி எளிதில் ஒத்துக்கொள்ளாது.

பழைய கணக்கு – இரவு 10.30

இத்தகைய கேள்விகள் இங்கே மாதம் ஒருமுறை வருகின்றன. கேட்பவர்கள் ஒருவரும் பாலிசியைப் படித்துவிட்டு வருவதில்லை. முப்பது ஆண்டுகள் இந்தத் துறையில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செட்டிநாட்டு வீடுகளில் பெரும்பாலானவை ஆண்டில் பதினொரு மாதம் பூட்டியே கிடக்கின்றன. தொடர்ந்து 30 நாள்களுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் காப்பீடு நின்றுவிடும் என்பது தீக்காப்பீட்டின் அடிப்படை நிபந்தனை. அதற்கு மேல், நூறாண்டு தாண்டிய பர்மாத் தேக்கு காற்றுக்கு விழாது, கரையானுக்குத்தான் விழும். தேய்மானமும் படிப்படியான சிதைவும் எந்தப் பாலிசியிலும் கிடையாது. ஏதோ தருகிறேன் என்று சொல்லியிருக்கிறார்களே, அதை வாங்கிக்கொள்வது நல்லது.

கீழவாசல் – இரவு 10.47

ஐயா சொல்லும் 30 நாள் நிபந்தனை பழைய ஸ்டாண்டர்டு ஃபயர் பாலிசியில் இருந்தது, உண்மைதான். ஆனால் 2021 ஏப்ரல் 1 முதல் குடியிருப்பு வீடுகளுக்கு ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்ற பொதுப் பாலிசியை எல்லாக் கம்பெனிகளும் தர வேண்டும் என்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் சொன்னது. பழைய பாலிசியின் நிபந்தனையைப் புதியதன்மேல் ஏற்றிப் பேசுவதற்கு முன், இவர் கையில் இருப்பது எது என்று பார்க்க வேண்டாமா?

வளவுவீடு அவர்களே, பாலிசியின் பெயர், காப்பீட்டுத் தொகை, நீங்கள் கேட்ட தொகை, அவர்கள் தரும் தொகை, பாலிசி யார் பெயரில் உள்ளது, வீட்டில் யாராவது குடியிருக்கிறார்களா: இத்தனையும் தெரிந்தால்தான் எதையாவது சொல்ல முடியும்.

வளவுவீடு – இரவு 11.25

மன்னிக்க வேண்டும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில். சரிந்தது இரண்டாம் கட்டின் வடக்குப் பத்தி (முற்றத்தை ஒட்டிய தாழ்வாரம்), நாட்டு ஓட்டுக் கூரை. நான் சென்னையில் இருக்கிறேன். பொங்கலுக்கும் விசேஷங்களுக்கும் வருவோம். ஆனால் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் அம்மா பின்கட்டில் குடும்பத்தோடு இருக்கிறார். ஐந்து பங்காளிகளுக்குப் பொதுவான வீடு. பாலிசி என் பெயரில். முதல் பக்கத்தில் ‘பாரத் கிருஹ ரக்‌ஷா’ என்றுதான் இருக்கிறது. கட்டடத்துக்கு 30 லட்சம். கொத்தனாரும் ஆசாரியும் கொடுத்த மதிப்பீடு 7,60,000 ரூபாய். தருவதாகச் சொல்வது 1,90,000. ஓடும் மரமும் முற்றத்து ஓரத்தில் குவித்துக் கிடக்கின்றன.

கீழவாசல் – இரவு 11.41

உங்கள் இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 7,60,000-இல் சரியாகக் கால் பங்கு 1,90,000. பழைய வீடு என்று தேய்மானம் கழித்தால் இப்படிக் காலுக்குக் கால் துல்லியமாக வராது. சர்வேயர் உங்கள் கட்டடத்தை முழுவதும் புதிதாகக் கட்ட என்ன ஆகும் என்று எங்கேயாவது குறித்திருக்கிறாரா? 1 கோடியே 20 லட்சம் என்று இருக்கிறதா?

வளவுவீடு – இரவு 11.50

ஆம். படிவத்தோடு வந்த ஒரு தாளில் ‘மறுகட்டுமான மதிப்பு 1,20,00,000’ என்று இருக்கிறது. அது எதற்கு என்று எனக்குப் புரியவில்லை.

கீழவாசல் – புதன், காலை 6.15

அதுதான் விடை. ஒரு கோடியே இருபது லட்சம் பெறுமான வீட்டுக்கு முப்பது லட்சத்துக்கு மட்டும் காப்பீடு செய்திருக்கிறீர்கள், ஆகவே இழப்பிலும் நான்கில் ஒரு பங்குதான் எங்கள் பொறுப்பு என்று விகிதக் கணக்குப் போட்டிருக்கிறார்கள். பழைய பாலிசியில் இந்தக் கணக்கு செல்லும். பாரத் கிருஹ ரக்‌ஷாவில் குறைகாப்பீட்டுக்கான இந்த விகிதக் கழிவு முற்றிலும் நீக்கப்பட்டிருக்கிறது. காப்பீட்டுத் தொகையான 30 லட்சம்வரை, ஒப்புக்கொண்ட இழப்பை விகிதம் பார்க்காமல் தர வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மழையும் காற்றும் காரணமில்லை என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் ஒரு ரூபாய்கூடத் தந்திருக்க மாட்டார்கள். கணக்குப் போட்டுத் தர முன்வந்ததால், புயல்மழையால் நேர்ந்த இழப்பு என்பதை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் பொருள். ‘பழைய வீடு’ என்று வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் காரணமாகக் காட்டியிருக்கிறார்களா?

பழைய கணக்கு – காலை 7.20

ஆர்வத்தில் அவசரப்படுகிறீர்கள். அந்தச் சலுகை குடியிருப்பு வீட்டுக்கு மட்டும். கானாடுகாத்தான் பக்கத்தில் படப்பிடிப்புக்கும் கல்யாணத்துக்கும் வாடகைக்கு விடாத பெரிய வீடு எத்தனை? அப்படி விட்டிருந்தால் அது வணிகக் கட்டடம். அதற்குரிய சிறுதொழில் பாலிசியில் 15 சதவீதம்வரைதான் குறைகாப்பீடு மன்னிக்கப்படும். கேட்டவர் இதைச் சொல்லவே இல்லை.

வளவுவீடு – காலை 7.34

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான்கு நாள் ஒரு படப்பிடிப்புக்குக் கொடுத்தோம். அப்போது இந்தப் பாலிசி இல்லை. அதன் பிறகு கொடுக்கவில்லை.

கூடுவாய் – காலை 7.52

நான்கு நாள் கேமரா வைத்ததால் வீடு ஹோட்டலாகிவிடுமா, ஐயா? வீட்டைக் காப்பாற்ற வேண்டிய வருமானத்துக்காகத்தான் பலரும் அப்படிக் கொடுக்கிறார்கள். ஓடுகளை மாற்றவும் கடுக்காயும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைக்கவும் பணம் எங்கிருந்து வரும்?

பழைய கணக்கு – காலை 8.05

உணர்ச்சி வேறு, ஒப்பந்தம் வேறு. மறைத்த தகவல் பின்னால் வந்து நிற்கும் என்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

கீழவாசல் – காலை 8.30

மறைத்தால் வந்து நிற்கும், அதை நானும் ஏற்கிறேன். வாடகைக்கு விடும் எண்ணம் இருப்பவர்கள் விடுவதற்கு முன்பே கம்பெனிக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். ஆனால் இவர் பாலிசி எடுப்பதற்கு முன் முடிந்துபோன நான்கு நாள் வாடகை, இன்றைக்கு வீட்டின் பயன்பாட்டை மாற்றாது. தவிர, நிறுவனம் தன் கடிதத்தில் சொல்லாத காரணத்தைப் பிறகு வழக்கில் புதிதாகக் கொண்டுவர முடியாது என்று 2019-இல் சௌராஷ்ட்ரா கெமிக்கல்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அவர்களே எழுப்பாத ஐயத்தை நாம் ஏன் இங்கே எழுப்பிக்கொண்டிருக்கிறோம்?

ராயவரம் ஆச்சி – காலை 8.44

பெரியவர்கள் இருவரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். அந்தத் தம்பிக்கு இன்று மாலைவரைதான் நேரம் இருக்கிறது. தம்பி, கூரை சரிந்த அன்று ஓடுகள் எங்கே கிடந்தன? நேர் கீழே பத்தியிலா, வேறு எங்காவதா?

வளவுவீடு – காலை 9.10

நான் அன்று ஊரில் இல்லை. இப்போதுதான் அந்த அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கால்வாசி ஓடு சந்துக்கு அப்பால் எதிர்வீட்டு மாட்டுக்கொட்டகையில் கிடந்ததாம். விடிந்ததும் அவரும் அவர் மகனும் கூடையில் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறார்கள். மகன் செல்பேசியில் நான்கு படம் எடுத்திருக்கிறான், அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

கூடுவாய் – காலை 9.26

அப்படியானால் நான் முதலில் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். மரம் உளுத்து இற்று விழுந்தால் ஓடு நேர் கீழே, பத்தித் தரையில் குவியும். சந்துக்கு அப்பால் போய் விழ வேண்டுமென்றால் காற்று அடியில் புகுந்து தூக்கியிருக்க வேண்டும். அந்தப் படங்களை எடுத்த நாளோடும் நேரத்தோடும் பத்திரப்படுத்துங்கள். கைமரங்களின் முறிவையும் கிட்டத்தில் வைத்துப் படமெடுங்கள்: காற்றின் இழுப்பில் முறிந்த தேக்கு உள்ளே மஞ்சள் கலந்த பழுப்பாக, நீளநீளமான சிராய்களோடு இருக்கும், கரையான் தின்றது தொட்டால் மண்ணாக உதிரும். எத்தனை கைமரம் எந்த வகை என்று எண்ணி எழுதுங்கள். இரண்டு மூன்று உளுத்திருந்தால் அதை மறைக்காதீர்கள். அவற்றின் விலையைக் கழித்துக்கொள்ளட்டும், மொத்தக் கூரையையும் அதன் பேரில் தள்ளிவிட விடாதீர்கள்.

முறிந்த தேக்கை இப்போது எவருக்கும் விற்றுவிடாதீர்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரத்துக்கு நல்ல விலை உண்டு என்பது சர்வேயருக்கும் தெரியும். எஞ்சிய பொருளின் மதிப்பைக் கழிப்பது முறைதான், ஆனால் அந்த மதிப்பை எப்படிப் போட்டார் என்று கேட்க மரம் உங்கள் கையில் இருக்க வேண்டும். இடிபாடு அகற்றும் செலவுக்கு இழப்பீட்டில் 2 சதவீதம்வரையும், பொறியாளர் கட்டணத்துக்கு 5 சதவீதம்வரையும் அந்தப் பாலிசியில் தனியே கேட்கலாம். உங்கள் மதிப்பீட்டில் அவற்றைச் சேர்த்ததாகத் தெரியவில்லை.

ராயவரம் ஆச்சி – காலை 9.40

பத்தியில் சாமான் ஏதும் நனைந்து கெட்டதா? கட்டடத் தொகையில் 20 சதவீதம், 10 லட்சத்துக்கு மிகாமல், வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே காப்பீடு உண்டு. உங்கள் முப்பது லட்சத்துக்கு ஆறு லட்சம். பெட்டி, கட்டில், மின்விசிறி எல்லாம் அதில் அடங்கும். பழங்காலச் சித்திரம், வெள்ளிச் சாமான் போன்றவற்றுக்கு மட்டும் தனியாகக் கேட்டு எடுத்திருக்க வேண்டும்.

கீழவாசல் – காலை 10.05

வளவுவீடு அவர்களே, என் கருத்தில் இன்று அந்தப் படிவத்தில் கையெழுத்திட வேண்டாம். அவசரத்தில் யாராவது கையெழுத்திட்டிருந்தாலும், அந்தப் படிவம் கூடுதல் தொகை கேட்கும் உரிமையைப் பறிக்காது என்று ஆணையம் 2015 செப்டம்பரில் சுற்றறிக்கை விட்டிருக்கிறது. ஆனாலும் ‘முழு இறுதித் தீர்வு’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பிறகு வாதாடுவதைவிட, முதலிலேயே எழுதி மறுப்பது எளிது.

இன்றே ஒரு கடிதம் அனுப்புங்கள். சர்வேயர் அறிக்கையின் நகலைக் கேளுங்கள். அதைப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. 30 லட்சத்துக்கும் 1 கோடியே 20 லட்சத்துக்கும் உள்ள விகிதத்தை எந்தப் பிரிவின்படி கழித்தார்கள் என்று அந்த ஒரே கேள்வியை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். பாலிசியில் குறைகாப்பீட்டுக் கழிவு கிடையாது என்று அச்சாகியிருக்கும் பக்கத்தை இணையுங்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் அன்றைய காற்றுமழைச் சேதத்துக்குச் சான்று வாங்குங்கள். பங்காளிகள் நால்வரிடமும் ‘இந்தத் தொகையை இவர் பெற்றுக் கூரையைச் செப்பனிட எங்களுக்கு ஆட்சேபணை இல்லை’ என்று எழுதி வாங்கிவிடுங்கள். பொது வீட்டில் ஒருவர் பெயரில் பாலிசி இருந்தால், உன் பங்குக்கு மட்டும்தான் தருவோம் என்று அடுத்ததாகச் சொல்ல இடமிருக்கிறது.

நிறுவனம் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டாலோ மறுத்தாலோ, சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, வழக்கறிஞர் தேவையில்லை. 50 லட்சம்வரை தீர்ப்பளிக்கும் அதிகாரம் அவருக்கு உண்டு, அந்தத் தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். ஓராண்டுக்குள் போக வேண்டும் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

பழைய கணக்கு – காலை 11.15

பாலிசிப் பிரதியை இப்போது எடுத்துப் பார்த்தேன். குறைகாப்பீட்டுக் கழிவு கிடையாது என்று கீழவாசல் சொல்வதுபோலத்தான் இருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் விகிதக் கழிவு இல்லாத வீட்டுப் பாலிசியே கிடையாது. ஆனால் உளுத்த கைமரங்களைக் கழிப்பார்கள்; அதில் மாற்றமில்லை. அதற்கு மனத்தைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

வளவுவீடு – புதன், மாலை 5.30

கையெழுத்திடவில்லை. கடிதத்தை மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் அனுப்பிவிட்டேன். நாளை ஊருக்குப் போகிறேன்.

ராயவரம் ஆச்சி – மூன்று வாரங்களுக்குப் பின்

தம்பி, என்ன ஆயிற்று?

வளவுவீடு – ஐந்து வாரங்களுக்குப் பின்

தாமதத்துக்கு மன்னிக்கவும், ஊரிலேயே இருந்துவிட்டேன். விகிதக் கழிவை நீக்கித் திருத்திய கணக்கு வந்தது. பதினான்கு கைமரங்களில் மூன்று கரையான் தின்றவை. அவற்றையும் எஞ்சிய மரத்தின் மதிப்பையும் கழித்து 6,62,000 ரூபாய் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பணம் நேற்று வந்தது. பங்காளிகள் கையெழுத்து வாங்கத்தான் நாள் பிடித்தது. ஒருவர் மலேசியாவில் இருக்கிறார். எதிர்வீட்டிலிருந்து பொறுக்கிவந்த ஓடுகளில் உடையாதவை இருநூறுக்கு மேல் தேறின, அவற்றையே மேலே ஏற்றச் சொல்லியிருக்கிறேன். ஆசாரி இன்று காலை வந்துவிட்டார்.